கட் பண்ணினால் சுகம்

இஸ்திரியின் கட்டைவிரலுக்கு ஒரு வித்தை தெரியும். வேலை நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தால் அவன் எடுத்துப் பார்க்கவே மாட்டான். கையை உள்ளே விட்டு, சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தடவிப் பிடித்து, முதல் மணி முடிவதற்குள் கட் பண்ணிவிடுவான். கண் பாட்டுக்கு வேலையில் இருக்கும், வாய் பாட்டுக்கு வம்பளந்துகொண்டிருக்கும். கட் பண்ணியதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அப்பாவோடு அரைமணி நேரம் ஊர்க்கதை பேசி முடித்தவன் மாதிரி.

இஸ்திரி என்பது ரூமில் வைத்த பேர். கடல் தாண்டி வந்து, பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இருவர் இழுத்துப் பிடித்து, கொதிக்கிற உருளைகளுக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். அந்தப் பக்கம் அது மொறமொறவென்று வெளியே வரும். நாள் முழுக்க இதே வேலைதான். ஒரு விரிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பதற்குள் மூக்கைச் சொறியலாம், அதற்குமேல் எதுவும் முடியாது. கேமரா வைத்த போன் உள்ளே கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் வேறு. அதனால் நல்ல போன் ரூமில் தலையணைக்கடியில் தூங்கும். பழைய பொத்தான் போன் மட்டும் சட்டைப் பையில் கூடவே வரும்.

அவனுடைய அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கண்டக்டர் என்றால் சாதாரணக் கண்டக்டர் இல்லை. பஸ்ஸின் பின்படியில் நின்று அவர் ஒரு குரல் விட்டால் டிரைவர் காதில் மட்டுமா விழும், டீக்கடையில் பாதி வடையோடு உட்கார்ந்திருப்பவன்கூட எழுந்து ஓடி வருவான். "உள்ள போ, உள்ள போ, உள்ள கிரவுண்டே கெடக்கு, பந்து விளையாடலாம்!" என்பார். உள்ளே மூச்சுவிட இடமிருக்காது. ஆனாலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஒட்டி நிற்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். உப்புக் கம்மி என்று அவர் சொன்னால் எதிர்வீட்டில் உப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போனைக் கொடுத்தால் மட்டும் குரல் சுருங்கிவிடும். வெளிநாட்டு அழைப்பென்றால் வினாடிக்கு வினாடி மகனுடைய ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று ஒரு பயம். இஸ்திரி வந்த புதிதில் ஊர் சிம்மையே போட்டுக்கொண்டு, விவரம் தெரியாமல் இரண்டு தரம் அப்பாவோடு ஆற அமரப் பேசினான். அவ்வளவுதான், போட்டு வைத்திருந்த பேலன்ஸ் மொத்தமும் துடைத்துவிட்ட மாதிரி காலி. அதைப் போய் அப்பாவிடமே சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து இவன் கூப்பிட்டால் "நல்லாருக்கியா, சாப்பிட்டியா, சரி வைடா, வைடா, காசு போகுது" என்று மூச்சுவிடாமல் சொல்லி அவரே வைத்துவிடுவார். இவன் "அப்பா..." என்று ஆரம்பிக்கும்போது அங்கே ஆள் இருக்காது.

அப்புறம் கண்டக்டர் மூளை வேலை செய்தது. "பஸ்ஸுல நான் டிரைவர்கிட்ட பேசிட்டா இருந்தேன்? மணிதானே அடிச்சேன்?" என்றார். அந்த மணியே போனுக்கும் வந்தது. தினம் மத்தியானம் அவர் ஒரு மணி அடிப்பார். இவன் எடுக்கக் கூடாது, கட் பண்ண வேண்டும். கட் பண்ணினால் "நல்லா இருக்கேன், வண்டி ஓடுது" என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால், "நேரம் கிடைக்கும்போது நீயே கூப்பிடு" என்று அர்த்தம். இரண்டு பக்கமும் செலவில்லை. எடுத்துத் தொலைத்தால்தான் வம்பு, அப்பாவின் பேலன்ஸ் போய்விடும். ஒருநாள் கைதவறி எடுத்துவிட்டதற்கு, "ஏண்டா, ஒனக்கு வெவஸ்தை இருக்கா?" என்று திட்டுவதற்காகவே அவர் இன்னும் கொஞ்சம் பேலன்ஸைச் செலவு பண்ணினார்.

சிக்கனத்தில் இஸ்திரி அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டவன். சூப்பர் மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகள் நிறுத்துகிற மூலையில் வைஃபை இலவசமாகக் கிடைக்குமென்று கண்டுபிடித்தவன் அவன்தான். லீவு நாளில் காலி வண்டியோடு காலி வண்டியாக அங்கே நின்று, தங்கச்சி அனுப்பிய படங்களை இறக்கிக்கொள்வான். காவலாளி முறைத்தால் உள்ளே போய் ஒரே ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி நிற்பான். ரூமில் மூத்தவரான டிரைவர் அண்ணனிடம் நெட் கடன் வாங்கி, பதிலுக்கு அவர் சட்டைகளைத் தேய்த்துக் கொடுப்பான். "எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டான் இவன்" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இஸ்திரி அதற்கும் சிரிப்பான். தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கும்போது ரோஷம் எதற்கு?

இதெல்லாம் அப்பாவுக்குத் தொண்டை கட்டும்வரை.

முதலில் சளி என்றார்கள். கஷாயம், மிளகு, ஆவி எல்லாம் ஆயிற்று. கட்டிய தொண்டை அவிழவில்லை. தங்கச்சி, பக்கத்து டவுனில் கட்டிக்கொடுத்தவள், பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். குரல் வருகிற இடத்திலேயே கட்டி என்றார்கள். உயிர் தப்ப வேண்டுமானால் குரல்பெட்டியை அப்படியே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு, பேச்சு அதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

தங்கச்சி இதைச் சொன்னபோது இஸ்திரி தள்ளுவண்டி மூலையில் நின்றிருந்தான். அப்படியே ஒரு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். லீவு கேட்டுப் பார்த்தான். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். மேஸ்திரியின் காலில் விழாத குறை, ஒன்றும் நடக்கவில்லை.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று தங்கச்சியிடம் கேட்டான்.

"என்ன சொல்வாரு, அவரு லொள்ளுதான். 'ரிடையர் ஆன கண்டக்டருக்குக் கொரல் எதுக்கு, விசில் இருக்கே'ங்குறாரு. அப்புறம் கொல்லைப்புறம் போயி நின்னுக்கிட்டாரு. ரொம்ப நேரம் வரலண்ணா."

அன்றிலிருந்து இஸ்திரிக்கு ஒரே யோசனை. இத்தனை வருஷத்தில் அப்பாவின் குரல் அவனிடம் ஒரு துளிகூட இல்லை. அவர் வைத்திருப்பதும் பொத்தான் போன். வாய்ஸ் மெசேஜ் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அடித்த மணியையா சேர்த்து வைக்க முடியும்? போட்டோ நிறைய இருக்கிறது. தங்கச்சி கல்யாண வீடியோவிலும் நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டு ஆட்கள் பேசுவதையெல்லாம் அழித்துவிட்டிருந்தான் வீடியோக்காரப் பாவி. வியாழக்கிழமைக்கு அப்புறம் அப்பா அவனை "டேய்" என்று கூப்பிட மாட்டார்.

ஆகவே ஒரு முடிவு எடுத்தான். புதன்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் பேச வேண்டும். வைடா வைடா என்றாலும் விடக் கூடாது, ஆசை தீரப் பேச வைக்க வேண்டும், எல்லாவற்றையும் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும். டிரைவர் அண்ணனிடம் கேட்டு, பேசும்போதே பதிவாகிற மாதிரி போனைச் சரிசெய்து வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நாள் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நெட்டும் பார்க்கலாம் என்கிற பெரிய பேக் ஒன்று வாங்கினான்.

"பார்றா, கஞ்சன் கைய நீட்டிட்டான், இன்னிக்கி மழைதான்" என்றார் அண்ணன். அப்புறம் விஷயம் ஞாபகம் வந்து, "நல்லா பேசுடா. நெறையப் பேச வையி" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வாங்கினானே தவிர, அதை ஆரம்பித்து வைக்கவில்லை. ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து ஒரு நாள்தான் அது செல்லும். புதன்கிழமை காலையிலேயே ஆரம்பித்தால், இவன் வேலை செய்கிற நேரமெல்லாம் வீணாகப் போகும் இல்லையா? சாயங்காலம் ரூமுக்கு வந்து, முகம் கழுவி, உட்கார்ந்து ஆரம்பித்தால் முழுசாகக் கிடைக்கும். இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? தலையணைக்கடியில் போனை நெட் இல்லாமல் தூங்கவிட்டு, பொத்தான் போனோடு வேலைக்குப் போனான்.

அன்றைக்கு அவன் தலைகால் புரியாமல்தான் இருந்தான். விரிப்பு விடும்போதே மனசுக்குள் ஒத்திகை. முதலில் பழைய பஸ் கதையைக் கேட்க வேண்டும். அந்த வழியில் இருக்கிற நிறுத்தத்தின் பேரையெல்லாம் கூவிக் காட்டச் சொல்ல வேண்டும். கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மா இருந்தபோது இரண்டுபேரும் போட்டுக்கொண்ட சண்டையைச் சொல்லச் சொல்ல வேண்டும். திட்டச் சொன்னாலும் திட்டுவார், அதில் அவர் மன்னன்.

காலையிலேயே போன் அடித்தது.

மத்தியான மணி காலையில் வருகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பொழுது போகாமல் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். கை தானாக உள்ளே போயிற்று. கட் பண்ணினான். சிரிப்பும் வந்தது. நல்லா இருக்கேன்ப்பா, வண்டி ஓடுது.

அடுத்த விரிப்பைப் பிடிப்பதற்குள் மறுபடி அடித்தது. இரண்டாவது மணி. நீயே கூப்பிடு என்கிறார். "கூப்பிடத்தானே போறேன், சாயங்காலம் வரைக்கும் பொறுக்க மாட்டாரே இந்த மனுஷன்" என்று எதிரில் விரிப்பு பிடித்தவனிடம் சொன்னான். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் தலையாட்டினான். இஸ்திரி கட் பண்ணினான்.

மூன்றாவது தரமும் அடித்தது.

மூன்று மணிக்கு அவர்களிடம் அர்த்தம் கிடையாது. நல்லா இருக்கேன் என்பதற்கு வைத்திருந்தார்கள், கூப்பிடு என்பதற்கு வைத்திருந்தார்கள். எடு என்பதற்கு அப்பனும் மகனும் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவே இல்லை. அவன் கை பையில் போன் மேல் இருந்தது. ஒரு கணம் தயங்கியது என்னவோ உண்மை. எடுத்தால் அப்பாவின் பேலன்ஸ் போகும். ஆபரேஷனுக்கு முதல் நாளும் அதுவுமாக அவரிடம் திட்டு வாங்க வேண்டுமா? விரிப்பு ஒரு பக்கம் கோணலாக உருளைக்குள் போக, மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினான். இஸ்திரி கட் பண்ணினான்.

அதற்குமேல் போன் அடிக்கவில்லை. சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தான்.

சாயங்காலம் வரும் வழியில் சவரம்கூடப் பண்ணிக்கொண்டான். அப்பா முகம் பார்க்கப் போகிறார் அல்லவா, தங்கச்சி போனில். ரூமில் டிரைவர் அண்ணன் மட்டும்தான் இருந்தார். மற்றவர்கள் சத்தம் போடக் கூடாதென்று அவரே எல்லோரையும் வெளியே கிளப்பிவிட்டிருந்தார். இஸ்திரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேக்கை ஆரம்பித்து வைத்தான். நெட் வந்தது. வந்ததும் தங்கச்சியின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"அண்ணா, இன்னிக்கி ஆபரேஷன் இருந்த ஆளுக்குக் காய்ச்சலாம். அப்பாவ இன்னிக்கே எடுத்துக்குறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்பா உன்கிட்ட பேசணுமாம். அவர் போனுக்கு வெளிநாட்டு பேலன்ஸ் போட்டுட்டேன். இப்ப அடிப்பாரு, எடு."

"அண்ணா எடு."

"கட் பண்ணாத அண்ணா."

"அண்ணா ப்ளீஸ்."

"கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவன் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்தான். டிரைவர் அண்ணன் "என்னடா, என்னடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை அவரிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டு, "அட கடவுளே" என்று சொல்லி அப்படியே எதிர்க்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சியைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாள் எடுத்ததும். "நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. உள்ள இருக்காரு, மயக்கமா."

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

அடுத்த கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"ஏண்ணா கட் பண்ண? மூணு தடவை அடிச்சாரே, ஒரு தடவை எடுத்துத் தொலைச்சா கொறைஞ்சா போயிருவ? உனக்கு அங்க அப்படி என்ன தலை போற வேலை? நர்ஸ் வந்து நிக்கிறா, வீல் சேர் நிக்குது, இவரு போனக் காதுல வெச்சுக்கிட்டு... நான் பக்கத்துல நின்னு எடு எடு எடுன்னு சாமி கும்பிட்ட மாதிரி சொல்லிட்டு இருக்கேன். நீ கட் பண்ற. மனுஷனா நீ?"

"எங்களுக்குள்ள அப்படித்தான்மா" என்றான் இஸ்திரி. அவன் குரலே அவனுக்குக் கேட்கச் சகிக்கவில்லை. "எடுத்தா திட்டுவாரு."

அவள் அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. அப்புறம் கோபமெல்லாம் வடிந்துபோய், சின்ன வயசில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"தெரியும்ணா. அவரும் அதத்தான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"விடு, அப்புறம் சொல்றேன்."

"சொல்லு."

"மொதல் தடவை கட் ஆனதும் சிரிச்சாரு. ரெண்டாவது தடவை, 'வேலையில இருக்கான்'னாரு. மூணாவது கட் ஆனதும் நான், போன என்கிட்ட குடுங்க, அவன் எடுக்குற வரைக்கும் அடிக்கிறேன்னு பிடுங்கப் போனேன். குடுக்கவே இல்ல. நர்ஸ் கேட்டா, 'என்னங்க ஐயா, எல்லார்கிட்டயும் பேசியாச்சா, போலாமா'ன்னு. அதுக்கு அவரு, 'போலாம்மா. பையன் கட் பண்ணிட்டான். நல்லா இருக்கான்'னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போன என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

டிரைவர் அண்ணன் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். இஸ்திரி அழவில்லை. அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், அப்பாவின் குரலில் சொல்லிப் பார்த்தான். கரகரத்த குரலில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கரகரப்பை அவன் கேட்டதே இல்லையே. அது தெரிந்தபோதுதான் அவன் உடைந்தான். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் "நாசமாப் போன போன், நாசமாப் போன காசு" என்று யாரையோ திட்டிக்கொண்டே ரூமுக்குள் நடந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அண்ணனே சொல்லிவிட்டு வந்தார். பார்வையாளர் நேரத்தில் தங்கச்சி வீடியோவில் வந்தாள். நர்ஸைக் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். "ரெண்டு நிமிஷம்தான், அழாதண்ணா, அவர் பாத்துட்டே இருப்பாரு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு போனைத் திருப்பினாள்.

அப்பா சாய்ந்து படுத்திருந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு, நடுவில் ஒரு குழாய், மூக்கிலும் ஒன்று. மகனைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அப்பா" என்றான் இஸ்திரி. "நல்லா இருக்கேன்ப்பா. சாப்பிட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் வர்றேன், சீசன் முடிஞ்சதும் லீவு தர்றேன்னு சொல்லியிருக்காங்க, மொத வண்டியில வந்து நிப்பேன்."

அப்பாவின் வாய் அசைந்தது.

மறந்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, தெரிந்தே பேசிப் பார்த்தாரோ என்னவோ. ஒரு வார்த்தை இல்லை, முழுசாக ஏதோ சொன்னார். உதடு குவிந்து விரிந்தது, புருவம் ஏறி இறங்கியது, பஸ்ஸில் சில்லறை இல்லாதவனிடம் நியாயம் பேசுகிற அதே முகம். காற்றுகூட வெளியே வரவில்லை.

டிரைவர் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சவுண்ட் வைடா, சவுண்ட் கம்மியா இருக்கு பாரு" என்று அவசரமாகப் பொத்தானை அழுத்தினார். சவுண்ட் முழுசாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதுகூடக் கேட்டது. அண்ணன் சட்டென்று புரிந்துகொண்டு கையை எடுத்துக்கொண்டார்.

இஸ்திரி தங்கச்சியைக் கேட்டான். "என்னம்மா சொல்றாரு?"

"எனக்கும் புரியலண்ணா" என்றாள் போனுக்குப் பின்னாலிருந்து.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கையை உயர்த்தி, இரு என்பதுபோல் காட்டிவிட்டு, அதையே மறுபடி சொன்னார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பச்சைக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. சொல்லி முடித்துவிட்டு மகனையே பார்த்தார். நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள்.

இஸ்திரி திரைக்கு மிக அருகில் வந்தான்.

"கேட்டுதுப்பா" என்றான். "எல்லாம் நல்லாக் கேட்டுது."

அப்பா தலையை ஆட்டினார். நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.